போனோடு வெளியே போகிறவன்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு நாற்காலி இருந்ததாம். அது ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டதாம், பிடித்தது பிடித்ததுதானாம், விடவே இல்லையாம். ஊர் திருப்பூர். ஆள் நான். பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் நம் துணியை வாங்கும் பையர் கேட்கும் கலரை, பட்டனை, அளவை மெயிலில் வாங்கி கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனி புலம்புவதை மரியாதையான மெயிலாக மாற்றித் திருப்பி அனுப்பும் வேலை. உலகமே ஓடுவதற்கு டிராக் பேன்ட் தைத்து அனுப்புகிறோம், அனுப்புகிறவன் மட்டும் எழுந்து நிற்பதுகூட இல்லை.

உட்கார்ந்து உட்கார்ந்தே களைத்துப்போகும் சக ஜீவன்களே, உம் கொட்டிக்கொண்டு கேளுங்கள். முடிந்தால் நின்றுகொண்டு.

பொம்மையைக் கட்டிக்கொண்டது

பொங்கலூரிலிருந்து வண்டியில் உட்கார்ந்து வருவேன். கம்பெனியில் உட்காருவேன். திரும்ப வண்டியில் உட்கார்ந்து போய், வீட்டில் சோற்றுக்கு உட்காருவேன். பார்க்கிறவர்களுக்கு நான் சாதுவான பையன். உள்ளுக்குள் ஒரு நிமிஷம் இருப்புக் கொள்ளாது. அதனால் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். என் மேஜை ஆடும், எதிர் மேஜை பிரபுவின் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து ஆடும். பிரபுவும் மெர்ச்சண்டைசர்தான், எனக்கு இரண்டு வருஷம் சீனியர்.

ஆடிய கால் ஒருநாள் நின்றுவிட்டது. பையரோடு வீடியோ காலில் இருந்தேன். சாம்பிளை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எழுந்தேன், வலது கால் மட்டும் எழவில்லை. இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை அங்கே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. விழுகிற வேகத்தில், பக்கத்தில் சாம்பிள் சட்டையை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரபுதான் மெதுவாகச் சொன்னான்: "உட்றா, உட்றா. சாம்பிளே இன்னும் அப்ரூவல் ஆகல, அதுக்குள்ள என்னடா அவசரம் உனக்கு?"

டாக்டர் சொன்னது

ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்களைப் பார்த்தால் நம் கம்பெனி மீட்டிங் மாதிரியே இருந்தது. ஒருவர் கணக்குப் பிரிவு, ஒருவர் டிசைன், இன்னொருவர் யாரோ ஒரு முதலாளி. எல்லோரும் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்ததால் வந்தவர்களை உட்கார வைத்தே காக்க வைக்கிறார்கள்.

முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். ஜிம் வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கொஞ்சம் நட, போதும். இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்தது கத்திதான். "இப்ப சீசன் டைமுங்க சார், ஷிப்மென்ட் போனதுக்கப்புறம் நடக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஷிப்மென்ட் போயிருமுங்க தம்பி, கூடவே காலும் போயிரும், பரவால்லீங்களா?"

தையல் பிரிவில் ஒரு நடை

அன்றிலிருந்து எழுந்துகொள்ள ஒரு காரணம் தேடினேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? ஒரு லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே தையல் பிரிவுக்கு நடந்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். மெர்ச்சண்டைசர் கீழே இறங்கிவந்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம். கலர் மாறியிருக்கும், அளவு மாறியிருக்கும், தைத்ததைப் பிரிக்கச் சொல்வார்கள். நான் வாசலில் கால் வைத்ததுமே முதல் வரிசை மெஷின் நின்றது. அதைப் பார்த்து இரண்டாவது வரிசை நின்றது. இந்திக்காரப் பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் வெட்டப்போன கத்திரியை அப்படியே வைத்துவிட்டார். லைன் சூப்பர்வைசர் முருகேசண்ணன், திருநெல்வேலிக்காரர், வேர்த்துப்போய் ஓடிவந்தார். ஒண்ணுமில்லைங்கண்ணா, லேபிள் குடுக்க வந்தேன், அப்படியே ஒரு நடை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா நடந்தியளா? ஒம்ம நடைக்கு எம் புரொடக்‌ஷன நிப்பாட்டிட்டு நிக்கேன், போவும்யா மேல!"

சரசக்காவின் டீ

எங்கள் மேஜைக்கே டீ வரும். சரசக்கா கொண்டுவந்து வைப்பார், காலி டம்ளரை அவரே எடுத்துக்கொண்டு போவார். நாம் கையை நீட்டினால் போதும். இந்தச் சுகம்தான் வினை என்று தோன்றியது. எனக்கு வேண்டாங்கக்கா, வெளியில் கடைக்கு நடந்து போய்க் குடித்துக்கொள்கிறேன் என்றேன்.

முதல் நாள் டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் நாள் எனக்கு மட்டும் ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் இஞ்சி. அதற்கும் மசியாமல் நான் கிளம்பியதும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "என்ற டீ நல்லால்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுங்க கண்ணு, இப்பிடி எல்லாக் கம்பெனிக்காரனும் நிக்கற கடைல போயி நின்னு என்ற மானத்த வாங்காதீங்க!"

கேட் பக்கம்

கடைசியில் சுலபமான வழி கிடைத்தது. போன் வந்தால் எழுந்துவிடுவது. வெளியே போய், வேன் நிற்கும் இடத்தைச் சுற்றி, ஜெனரேட்டரைத் தாண்டி, கேட் வரை பேசிக்கொண்டே நடப்பது. போன் வராவிட்டாலும் காதில் வைத்துக்கொள்வது, வெறுமனே நடந்தால் வேலைவெட்டி இல்லாதவன் என்பார்களே. ஒரு மாதத்தில் கால் கொஞ்சம் என் கால் மாதிரி ஆகிவந்தது.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. சீட்டில் பேசினால் பையர். மாடிப்படியில் பேசினால் வீடு. கேட் பக்கம் போய்ப் பேசினால் வேறு கம்பெனி. எல்லாக் கம்பெனிக்காரனும் நிற்கும் கடையில் டீ வேறு குடித்திருக்கிறேன். நான் வேறு கம்பெனிக்குத் தாவப்போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள்! திடீரென்று என் மெயில்களில் எல்லாம் பிரபுவையும் சேர்க்கச் சொன்னார்கள். குழந்தைகள் பைஜாமா ஆர்டர், நூல் வாங்கிய நாளிலிருந்து நான் வளர்த்தது, அது அவன் மேஜைக்குப் போனது. அடுத்து என்ன என்பது தெரிந்த கதைதான். உட்கார்ந்தால் கால் போகும், நடந்தால் வேலை போகும். எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரபு மட்டும் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டான்: "போறதுன்னா சொல்லிட்டுப் போடா, உன்ற சேர் என்றத விட நல்லாருக்குது."

முதலாளி கூட வந்தது

மறுநாள் மத்தியானம் நான் நடந்துகொண்டிருந்தபோது முதலாளியே இறங்கி வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை. தோட்டத்தை விட்டுவந்து இந்தக் கம்பெனியைக் கட்டியவர். எதிரில் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டுக்குக்கூட காரில்தான் போவார். பக்கத்தில் வந்து சேர்ந்து நடந்தார்.

"எந்தக் கம்பெனிங்க கண்ணு?"

"கம்பெனி இல்லீங்கய்யா. காலுங்க."

"காலா?"

"மரத்துப் போகுதுங்க. டாக்டர் நடக்கச் சொன்னாருங்க."

"அப்பறம் போனெதுக்குங்க?"

"சும்மா நடந்தா சோம்பேறின்னு சொல்லுவாங்கன்னு..."

"இப்ப ஓடிப்போறான்னு சொல்றாங்க. அதுக்கு இது பரவால்லீங்களா?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர் கண் போன் மேலேயே இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பையரின் சென்னை ஆபீஸ் பெண்மணி. பைஜாமா இடுப்பு எலாஸ்டிக் குழந்தைக்கு இறுக்குகிறதாம், புது சாம்பிள் வேண்டுமாம். பிரபுவிடம் கேட்காமல் என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று அவரும் யோசித்திருப்பார். நான் பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன். நின்றால் கால் மரத்துவிடும், நான் நிற்கவில்லை. ஒரு வார்த்தையும் விடக்கூடாதென்று அவரும் நிற்கவில்லை. வேன்கள், துணிக் குடோன், ஜெனரேட்டர், திரும்ப வேன்கள். பேச்சு முடிந்தபோது மூச்சு வாங்க ஒரு வேனின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ஜன்னலைப் பார்த்து, "பிரபு, பைஜாமா தம்பிகிட்டயே இருக்கட்டும்!" என்று குரல் கொடுத்தார். அப்புறம் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "ஏனுங்க, நம்ம கம்பெனி இவ்வளவு பெரிய எடங்களா?"

இன்னொரு போன்

இரண்டு நாள் கழித்துப் பிரபு என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டான். கீழே முதலாளி. கார் நிற்கிறது, டிரைவர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார், இவர் ஏறவில்லை. பையிலிருந்து போனை எடுத்தார். அது அடிக்கவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். காதில் வைத்துக்கொண்டு வேன்களைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். தலையை வேறு ஆட்டிக்கொள்கிறார், யாரோ பேசுகிற மாதிரி. பின்னால் சரசக்கா வந்து எட்டிப் பார்த்தார். கீழே முருகேசண்ணனும் வாசலுக்கு வந்துவிட்டார். கேட்டை நெருங்கினார் முதலாளி. பிரபுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போச்சுடா. கம்பெனியவே விக்கறாரு!"

ஆக, சக ஜீவன்களே, எங்கள் ஊரில் உடம்புக்காக ஒருவன் நடக்கிறான் என்பதை மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நான் ஜன்னலில் நின்று சிரிக்கச் சிரிக்க, அவர் காதிலிருந்த போனை எடுக்காமல், கேட்டைத் தாண்டி, எதிர் யூனிட்டைப் பார்த்து நடந்தே போனார்.