முட்டியில் வந்தவர்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வழுக்கி விழுந்தேன். சுளுக்கு என்று நினைத்து, அறிவில்லாமல் ஒரு வருடம் எண்ணெய்க்கட்டோடு நொண்டினேன். அறுந்திருந்தது முட்டியின் தசைநார். அதற்குள் அது சுருங்கிவிட்டதால், இறந்துபோன யாரோ ஒருவர் தானமாகத் தந்த நாரை வைத்துத் தைத்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு வந்த ஆடி அமாவாசையில், என் அப்பா படத்துக்கு முன்னால் மனைவி இரண்டு இலை போட்டுப் படைத்தாள்.

"இன்னாத்துக்கு ரெண்டு?" என்றேன்.

"உங்க முட்டில கீறாரே, அவருக்கு. பேரு தெரியலன்னா பட்டினி போட்டுடறதா?"

மறுநாள் விடியற்காலை சோழவரத்தில் கம்பெனி பஸ் படியேறும்போது முட்டி விண்விண்ணென்று தெறித்தது. அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். செத்த பிறகும் அவரை முதல் ஷிப்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறேன்.