பாதையில் கிடந்த கிளை

இதை நான் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை.

தடுப்பூசிப் பெட்டியோடு ராஜபாளையத்துக்கு மேற்கே மலையேறிய முதல் நாள் அது. உச்சியில் எலுமிச்சையும் காப்பியும் விளைவிக்கிற பதினைந்து வீடுகளுக்கு நான்தான் புது நர்ஸ். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், ஒன்றின் குறுக்கே பச்சைக் கிளை ஒன்று கிடந்தது. மூன்று மணி நேரம் நடந்த எரிச்சலில் அதை ஓடையில் தூக்கி எறிந்துவிட்டு அந்த வழியிலேயே போனேன்.

இருபது எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். என்னை அழைத்துப்போக மற்றப் பாதையில் இறங்கி வந்த மலை ஊர்ப் பெண் பேச்சி.

"சத்தம் போடாதிய நர்சம்மா. ஆனை நிக்குது."

மூங்கிலுக்குள் பெரிதாக ஏதோ அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளோடு திரும்பி வந்தேன். வந்ததும் அவள் வேறொரு கிளையை ஒடித்து அதே இடத்தில் போட்டாள்.

"ஆனையப் பாத்தா கொப்பு ஒடிச்சுப் போடுவோம். பொறவு வாரவுகளுக்குத் தெரியணும்லா?"

எனக்குப் பின்னால் பிள்ளையோடு யாராவது வந்திருந்தால்? "நான்தாம்மா அத எடுத்து எறிஞ்சேன்" என்று அழுதுவிட்டேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? செத்த நேரம் உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த மாதமும் அங்கே ஒரு கிளை கிடந்தது. அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அன்று பேச்சி உடுத்தியிருந்த சேலையின் கிழிசல்.

அந்த ஊரில் யாருக்கும் அந்தத் துணி தேவையில்லை, என்னைத் தவிர.