முத்திருளன் விசில் ஊதிய விஜயதசமி

முத்திருளனுக்கு இந்த உலகத்தில் ஆகாத ஒன்று உண்டென்றால் அது பஸ். ஒத்தக்கடையில் ஏறினால் உத்தங்குடி தாண்டுவதற்குள் வயிற்றைப் பிரட்டும். ஜன்னலோரம் கிடைத்தால் ரோட்டுக்குப் போகும். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மடிக்கு. ஒருமுறை அந்த மடி அவருடைய ஆபீஸ் ஹெட்கிளார்க்கின் மடியாக அமைந்துவிட்டது. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ரிக்கார்டு கிளார்க்காக இருந்த மனிதர், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பஸ் ஏறுவார்? சைக்கிள்தான் அவருக்குக் கதி.

அந்தச் சைக்கிளுக்கும் ஒரு கண்டம் வந்தது. திருமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குத் தனியாகப் போனவர், பின்னால் வந்த லாரியின் ஹாரனுக்கு மிரண்டு பள்ளத்தில் விழுந்து முன்பல் இரண்டையும் விட்டுவிட்டு வந்தார். அவர் மனைவி ஒச்சாயி அழவில்லை, திட்டவில்லை. நேராகக் கருப்பு கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்தினார்.

"இனிமே இந்தச் சைக்கிளால இந்த மனுசன் ஒடம்புல ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சு, அன்னைக்கே அத வித்துருவேன். இது ஒம்மேல சத்தியம்யா கருப்பு!"

ஒச்சாயி சொன்னால் சொன்னதுதான். அன்று முதல் தினமும் சாயங்காலம் வாசலிலேயே சோதனை. சட்டைக் கையைச் சுருட்டிக் காட்ட வேண்டும், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். கீறல் இல்லை என்றால்தான் காபி. ஒருநாள் சவரம் செய்யும்போது பட்ட காயத்துக்குக்கூட முத்திருளன் நாவிதரைச் சாட்சிக்கு அழைத்துவர வேண்டியிருந்தது.

தனியாகப் போனால்தானே வம்பு என்று அவர் ஒரு கூட்டம் சேர்த்தார். எங்கள் கெட்ட காலம், அதில் நாங்கள் மாட்டினோம். தபால் ஆபீஸில் வேலை பார்த்த நான். புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்த பக்கீர் முகமது. ஒச்சாயியின் தம்பி, மில் தொழிலாளி விருமாண்டி. நாலு சைக்கிளும் காலையில் ஒத்தக்கடை டீக்கடை முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். முத்திருளன் வந்து டயரை அமுக்குவார், செயினை இழுத்துப் பார்ப்பார், பெல்லை அடிப்பார், இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுவார். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அன்றைக்கு நீங்கள் பஸ். என் பிரேக் கட்டை தேய்ந்திருந்ததென்று மழை நாளில் என்னைத் திருப்பி அனுப்பிய புண்ணியவான் அவர். அன்று நான் மனசுக்குள் திட்டிய திட்டை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

ரோட்டிலும் சட்டம்தான். ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு போகக் கூடாது. மெதுவாக ஓட்டுகிறவன் முன்னால் போக வேண்டும். அப்போதுதான் கூட்டம் பிரியாது. அதனால் பக்கீர் முதலில், அடுத்து நான், அப்புறம் விருமாண்டி. கடைசியில் கழுத்தில் விசிலோடு முத்திருளன். ஒரு விசில் ஊதினால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு ஊதினால் எதையும் கேட்காமல் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

"நம்ம என்ன போலீஸ் பட்டாளமாண்ணே?" என்று பக்கீர் ஒருமுறை கேட்டார்.

"பட்டாளத்துல கீழ விழுந்தா மெடல் குடுப்பாய்ங்க பாய். எங்க வீட்ல என்னா குடுப்பாங்கன்னு ஒமக்குத் தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் திட்டிக்கொண்டேயாவது அவருக்கு அடங்கிப் போனோம். இரண்டு வருஷம் ஒருவர்கூடக் கீழே விழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் அந்த ஆயுத பூசை வந்தது. விருமாண்டியும் நானும் சைக்கிள்களை முந்தின நாளே முத்திருளன் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டு வந்திருந்தோம். மூன்றையும் சேர்த்துப் பூசை போடுவதென்று ஏற்பாடு. மறுநாள் போய்ப் பார்த்தால் என் சைக்கிளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஹேண்டில்பார் முதல் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிவரை பளபளவென்று மின்னியது. மட்கார்டில் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஒச்சாயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றார். பக்கீர் பொரி வாங்கிக்கொள்ள மட்டும் வந்துபோனார். அவர் வண்டி அவர் வீட்டில் அழுக்காகவே கிடந்தது.

பூசையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் கொஞ்சமாவது ஓட்ட வேண்டும். திருமோகூர் பெருமாள் கோயில்வரை போய்வருவோம் என்று முடிவானது. பக்கீருக்குத் தைத்த ரவிக்கைகளை அந்த ஊரில் கொடுக்க வேண்டியிருந்ததால் அவரும் சேர்ந்துகொண்டார். ஒச்சாயி புதுச்சேலை கட்டி முத்திருளனின் கேரியரில் ஏறினார்.

"மாமா, சோதனை இல்லையா?" என்றான் விருமாண்டி.

முத்திருளன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூச போட்ட வண்டிய அமுக்கிப் பாக்குறது சாமிய அமுக்கிப் பாக்குற மாதிரி மாப்ள. பொட்டு அழியக் கூடாது. கெளம்பு."

சமதரையில் ஒரு தொந்தரவும் இல்லை. வழியில் ஒரு கண்மாய்க் கரையில் ஏறி இறங்க வேண்டும். இறக்கத்தின் அடியில் ஓர் ஆட்டு மந்தை சாவகாசமாகக் குறுக்கே வந்தது. எல்லோருக்கும் முன்னால் அதைப் பார்த்தவர் கடைசியில் வந்த முத்திருளன்தான். இரண்டு விசில் ஊதினார்.

பக்கீர் சட்டத்தை மதிக்கிறவர். நட்டநடு இறக்கத்தில் அப்படியே நின்றார். நானும் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது பிடித்தபடி இருக்க, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பக்கீரின் கேரியரில் நான் இடித்தேன், என்மேல் விருமாண்டி இடித்தான், மூன்று பேரும் சேர்ந்து சரிந்தோம். ரவிக்கைகள் காற்றில் பறந்து ஆடுகள்மேல் விழுந்தன. முத்திருளன் வாயிலிருந்த விசிலை எடுக்க மறந்து ஊதிக்கொண்டே எங்களைச் சுற்றி ஒடித்துக் கரையிலிருந்து கீழே வயலுக்குள் பாய்ந்தார். ஒச்சாயி அதற்கு முன்பே கேரியரிலிருந்து குதித்துவிட்டார்.

"விசில் கேட்டா நிக்கணும்னு நீங்கதானண்ணே சொன்னீங்க? நிண்டதுக்கு இம்புட்டு ஒதையா?" என்று கத்திக்கொண்டே பக்கீர் ஓர் ஆட்டின் கொம்பிலிருந்து ரவிக்கையை உருவினார்.

விருமாண்டி எழுந்து தன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். விரல் வழுக்கியது. என் சக்கரமும் அப்படித்தான்.

"தேங்காயெண்ணெ! எந்த மடப்பய ரிம்முல எண்ணெயத் தேச்சது? பிரேக்கு எப்புடிப் பிடிக்கும்? பாய் வண்டி மட்டும் நிண்டுருக்கு பாரு!"

நான் ஒச்சாயியைப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. ஊருக்கே வாய் காட்டுகிற பெண்மணி, சேலை முனையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றதை அன்றுதான் கண்டேன்.

வயலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாந்தான் தேச்சேன் மாப்ள."

சேறும் சகதியுமாக முத்திருளன் கரையேறி வந்தார். "துருப்பிடிக்கக் கூடாதுன்னு தேச்சுட்டேன். ஏதோ புத்தி கெட்டுப்போச்சு."

"நீங்களா மாமா?" என்றான் விருமாண்டி. பிரேக் கட்டைக்காக என்னை மழையில் திருப்பி அனுப்பிய மனிதர் சொல்கிற பொய்யா இது? இரண்டு வருஷம் கட்டிக்காத்த பெயரை ஒரே வார்த்தையில் வயலுக்குள் போட்டுவிட்டார்.

ஒச்சாயி நிமிர்ந்தார். "அந்தக் கையி எதுக்குப் பின்னால இருக்கு?"

"சும்மாதான்."

"காட்டுங்க."

காட்டினார். மடையோரக் கல்லில் இடித்த முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, சேற்றின் மேல் கோடு போட்டு ரத்தம் இறங்கியிருந்தது. மறைக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

"சரி ஒச்சாயி," என்றார் முத்திருளன். "சாமிகிட்டச் சொன்னதுக்கு மாத்து கெடையாது. வித்துருவோம். நான் எப்புடியாச்சும் பஸ்ஸுல போய்க்கிறேன்." வயலில் குப்புறக் கிடந்த சைக்கிளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்த விசில் தொலைந்துபோகக் கூடாதா என்று எத்தனையோ நாள் காலையில் வேண்டிக்கொண்டவன் நான். அந்த நிமிஷம் அவருக்குப் பதிலாக நானே பஸ்ஸில் வாந்தி எடுக்கத் தயாராக இருந்தேன்.

ஒச்சாயி கிட்டே போனார். புதுச்சேலையின் முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தார். துணியில் பட்ட சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு விக்கணும்? ஹேண்டில்பாருல இருந்த குங்குமத்தக் கையெல்லாம் அப்பிக்கிட்டு வந்து நிக்கிறாரு. குங்குமத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியல, இவரெல்லாம் கவருமெண்டு உத்தியோகம்!"

முத்திருளன் தன் முழங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஆனா குங்குமம் இன்னும் ஊறிக்கிட்டே இருக்கே தங்கச்சி..." என்று பக்கீர் அப்பாவியாக ஆரம்பித்தார். விருமாண்டி அவர் காலை நன்றாக மிதித்தான்.

முந்தானையைக் கிழித்து முழங்கையில் இறுக்கிக் கட்டிய ஒச்சாயி, அப்படியே கீழே உட்கார்ந்து கரை மண்ணை அள்ளி எங்கள் ரிம் ஒவ்வொன்றையும் தேய்த்துத் துடைக்க ஆரம்பித்தார். சந்தனம் போனது, பொட்டு போனது, யாரும் தடுக்கவில்லை. கடைசியாக, வயலிலிருந்து நாங்கள் தூக்கி வந்த தன் வீட்டுச் சைக்கிளைத் துடைத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்து முன்னால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கருப்புக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் அவரும் ஒச்சாயியிடம் வாயைக் கொடுக்க மாட்டார்.