உயிரில்லாமல் கொண்டு வரப்பட்டவர்

டெட் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. பத்தாவது வரைதான் படித்தேன் என்றாலும், போன் டெட், மோட்டார் டெட் என்று தாராவியில் நாள் முழுக்கச் சொல்கிறவன்தான். அது ஒரு மனிதர் மேல் எழுதப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை.

மச்சான், என் அக்காவின் கணவர், ஒரு காலையில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். எதிர்வீட்டுப் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், ஓடி வந்தார்.

“ஆஸ்பத்திரி வேண்டாம்டா. நம்ம கல்லி டாக்டரக் கூப்பிடு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவரே சர்ட்டிபிகேட் தருவாரு. பெரிய ஆஸ்பத்திரின்னா போஸ்ட்மார்ட்டம்னு அறுத்துருவாங்க.”

எங்கள் கல்லிச் சந்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் மச்சான் கண்ணைத் திறந்து பார்த்தார். உயிரோடு இருப்பவரை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது? நான்தான் பிடிவாதமாக டாக்சி பிடித்தேன். காக்காவும் ஏறிக்கொண்டார். சிக்னலில் மச்சான் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பிறகு என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். கேஸ் பேப்பரில் இரண்டே ஆங்கிலச் சொற்கள் எழுதினார்: பிராட் டெட். உயிரில்லாமல் கொண்டு வரப்பட்டவர். தண்ணீர் கேட்டாரே என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஸ்ட்ரெச்சர்கள் நின்றன. டாக்டர் அடுத்த ஸ்ட்ரெச்சருக்குப் போய்விட்டார்.

“இவன் வாயத் தொறக்கறதுக்குள்ள மய்யித்தே எந்திரிச்சுப் பேசிரும்” என்று மச்சானின் உடலைக் காட்டிக் காக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

போனில் சொன்னபோது லாத்தா, என் அக்கா, அழவில்லை. “போனவுக போயிட்டாக. அறுக்க மட்டும் விட்டுராத, தம்பி. சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால முழுசாக் கொண்டாந்துரு” என்றாள்.

உடலைக் கேட்டதற்கு ஆஸ்பத்திரிப் போலீஸ் சவுக்கிக்கு அனுப்பினார்கள். அங்கே ஹவல்தார் முன்னால் எனக்குத் தெரிந்த இந்தியில் ஒருவழியாகச் சொன்னேன்: டாக்சியில் உயிரோடு இருந்தார், தண்ணீர் குடித்தார். அவர் கோபப்படவில்லை. டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: “ராஸ்தே மே ஜிந்தா தா, மான்தா ஹூம். தர்வாஸே பே?”

வழியில் உயிரோடு இருந்தார், சரி. வாசலில்?

வாசலில் இல்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் கணக்கு. சிக்னலில் குடித்த தண்ணீர் அதில் சேராது. வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுபோன உயிருக்குக் காரணம் தெரிய வேண்டும். அதற்கு அறுத்துத்தான் பார்க்க வேண்டும். காக்கா யார் யாருக்கோ போன் போட்டார். போஸ்ட்மார்ட்டக் காகிதத்தில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன்.

அசர் தாண்டித்தான் உடலைக் கொடுத்தார்கள். பள்ளிவாசலில் குளிப்பாட்டி, கபன் துணியைக் கழுத்து வரை இறுக்கிக் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோனோம். லாத்தா முகத்தைப் பார்த்தாள். துணியில் கை வைக்கப் போனவள் என்னைப் பார்த்தாள்.

“முழுசாத்தானடா கொண்டாந்த?”

“ஆமா லாத்தா” என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.