வட்டார எல்லையில் நின்ற வடிகான்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சைக்கிளில் மீன் விற்றே இரண்டு அரிசி ஆலை போட்டேன். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பிரதேச சபைக்குத் தெரியாது.

எங்கள் தெருவுக்குச் சபை கட்டிய வடிகான், ஒரு கைம்பெண்ணின் வாசலோடு நின்றுவிட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுதும் அவள் வீட்டுக்குள்தான். இன்னும் இருபது முழம் வெட்டினால் கடலுக்குப் போகும் தோணா வாய்க்காலில் சேரும். மாரி மழைக்கு முன் வெட்டச் சொல்லிச் சபைக் கூட்டத்துக்குப் போனேன்.

"அந்த ஊட்டோட எங்கட வட்டாரம் முடியுது, ஹாஜியார்," என்றார் எங்கள் உறுப்பினர்.

பக்கத்து வட்டார உறுப்பினர் துள்ளி எழுந்தார். "ஒங்கட ஊத்தத் தண்ணி எங்கட வட்டாரத்துக்குள்ள எதுக்கு?"

"தண்ணிக்கு ஒரு வோட்டு இருந்திருந்தா ரெண்டு பேரும் வழி உட்டிருப்பீங்க," என்றேன். சிரித்தார்கள். நானே வெட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன். அதையும் சேர்த்து ஆராய ஒரு குழு போட்டுவிட்டு, ரோல்ஸ் தின்னப் போனார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். அருவருப்பில் தொடவில்லை.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் வாசலில் நின்றாள். "என்ன காக்கா, வெட்டுவாங்களா?"

"குழு போட்டிருக்கானுகள், தங்கச்சி."

"அப்ப இந்த மாரிக்கும் கட்டில் காலுக்குக் கல்லு வெக்கத்தான் வேணும்," என்றவள், செங்கல் எடுக்கப் பின்வளவுக்குப் போனாள்.