டப்பா ஆபீஸின் தெற்குப் பக்கம்

1984 மே 14, திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபது. அனல் காற்று, மேகம் பேருக்குக்கூட இல்லை. ஆம்பூருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் தோல் தொழிற்சாலைக்குள் இரண்டு கன்டெய்னர்கள் வந்து இறங்கின. மெட்ராஸ் துறைமுகத்தில் கழித்துப்போட்டவை, ஒவ்வொன்றும் இருபதடி. கட்டடம் கட்ட மனமில்லாத முதலாளி அவற்றை ஆபீஸாக்கும் வேலையை மேனேஜரான என் தலையில் கட்டினார்.

கட்டம் போட்ட தாளில் நானே வரைந்தேன். இரண்டையும் நீளவாக்கில் ஒட்டவைத்து நடுத்தகட்டை அறுத்தால் நாற்பதடி. உள்ளகலம் ஏழே முக்கால் அடிதான். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சுவர் இடிக்கும். மேலே தென்னங்கீற்று, உள்ளே பழைய பெட்டிப் பலகை. தோலை நிறம் பார்த்துப் பிரிக்கும் மேஜைக்கு வடக்கில் பெரிய ஜன்னல். வடக்கு வெளிச்சம்தான் நிறத்தைத் திரிக்காது. எங்கள் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் அதுதான் வழக்கம்.

ரயில் பாதையோ தெற்கே இருந்தது.

என் மனைவி வாணியம்பாடியில் பள்ளி ஆசிரியை. குடியாத்தத்தில் அவள் அம்மா வீட்டில் குழந்தைகளோடு இருந்து, தினமும் ரயிலில் போய் வந்தாள். எனக்கு லாரி ஏற்றி முடிய இரவாகிவிடும் என்பதால் தொழிற்சாலை அறையிலேயே படுக்கை. ஞாயிறு ஒரு நாள்தான் வீடு. காலை எட்டு ஐம்பதுக்கு அவள் வண்டி எங்களைக் கடக்கும். அந்த நேரத்தில் நான் மேஜையை விட்டு நகர முடியாது. நூற்றைம்பது கஜத்தில் அவள் போவாள், நான் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தெற்கே ஒரு சின்ன ஜன்னல் வைத்துவிட வேண்டும் என்று தவித்தேன்.

தாளில் அதைப் பார்த்ததும் வெல்டர் கையை எடுத்துவிட்டார். தெற்கு வெயில் உள்ளே வந்தால் பழுப்பெல்லாம் சிவப்பாகத் தெரியும், கப்பலேறிய சரக்கு திரும்பி வரும், முதலாளியிடம் கேட்டு வாங்க என்றார். கேட்டேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

முதலாளி வெற்றிலையை மென்று துப்பினார். பிறகு, "இன்னா மேனேஜர், சம்சாரத்தைப் பாக்க ஆபீஸ்ல ஓட்டையா?" என்றார்.

"கண்ணாடி வேணாம் பாய். அறுத்த தகட்டையே கீல் வெச்சு கதவா மாட்டிடறேன். வண்டி வரும்போது மட்டும் தொறக்கறேன்."

"தொறந்தா வெளிச்சம் கலந்துடும். பிரிக்கிற நாலு பேரும் கையை நிறுத்தணும். சும்மா நிப்பாங்களா? டீ கேப்பாங்க. கதவும் உன் செலவு, டீயும் உன் செலவு. சம்மதமா?"

சம்மதித்தேன்.

ஒன்றரை அடிக்கு இரண்டடி. கதவின் உட்புறம் மட்டும் மஞ்சள் பெயின்ட் அடித்தேன். திறந்தால் தூரத்திலிருந்து தெரியட்டும் என்று. பள்ளி திறந்த அன்று கதவைத் தள்ளினேன். பெட்டிகள் ஓடின. எந்த ஜன்னலில் அவள் இருந்தாள் என்று தெரியவில்லை. ஒரு கை அசைந்த மாதிரி இருந்தது, யார் கையோ. பின்னால் நால்வரும் தோலைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்தார்கள். மூத்தவர், "அண்ணி வந்துட்டுப் போய்ட்டாங்களா சார்? இன்னொரு டீ கெடைக்குமா?" என்றார்.

ஞாயிறன்று அவளிடம் கேட்டேன்.

"உங்க மூஞ்சி எங்க தெரிஞ்சது? மஞ்சளா ஒண்ணு தொறந்துச்சு. கையாட்டினேன். பக்கத்துல இருந்த டீச்சருங்க சிரிச்சாங்க."

அது போதுமானதாக இருந்தது. இரண்டு பள்ளி வருஷம் ஓடிற்று. பிறகு அவளுக்குக் குடியாத்தத்துக்கே மாற்றல் கிடைத்தது. நாங்கள் வேண்டிக்கொண்ட மாற்றல்தான், சந்தோஷப்பட்டேன். ஆனாலும் எட்டு ஐம்பதுக்கு என் கை தானாகக் கதவுக்குப் போனது. பன்னிரண்டு நாள் வெறும் வண்டிக்குத் திறந்தேன். நால்வரும் ஒன்றும் கேட்காமல் தோலை வைத்துவிட்டு டீ குடித்தார்கள். பதின்மூன்றாம் நாள் மூத்தவரே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டு, "இன்னிக்கு டீ வேணாம் சார்" என்றார்.

அவள் கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது. இப்போது மகன் வீட்டில் என் அறைக்கு மூன்று ஜன்னல். எட்டு ஐம்பதுக்கு மூன்றையும் திறந்து பார்க்கிறேன், எதிர்வீட்டுச் சுவர்தான்.

அறுக்க, பற்றவைக்க நூற்றுப்பத்து ரூபாய். இரண்டு கீலுக்கு இருபத்தெட்டு, தாழ்ப்பாள் எட்டரை, மஞ்சள் பெயின்ட் இருபத்திரண்டு, வெல்டருக்கு டீ, பன் வகையில் மூன்று. நால்வருக்கும் டீ நாளுக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா. வெறும் வண்டிக்குத் திறந்த பன்னிரண்டையும் சேர்த்து நானூற்று ஐம்பத்திரண்டு நாள். ஆக மொத்தம் எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாய் எழுபது பைசா.