நோய்க்கதிர் பார்சல்

கார்த்திகைக் கடைசி வாரம் முழுக்க வெயில் இல்லை. தூறலும் பனியும் மாறி மாறி வந்தன. குன்றாண்டார்கோவில் பக்கம் என் தம்பியின் நெல்வயலில் குலைநோய் இறங்கியது அந்த வாரத்தில்தான். மார்கழி பிறந்தபோது, பால் பிடித்த கதிர்கள் கழுத்துக் கறுத்து ஒடிந்து தொங்கின. அடித்த எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை. முந்தைய இரண்டு மார்கழியிலும் இப்படித்தான் போயிற்று. இந்த முறையும் போனால் வயலைத் தைலமரத்துக்கு விட்டுவிடுவதாகத் தம்பி தன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். சுற்றிலும் தைலமரம் வந்தாகிவிட்டது. நடுவில் நெல் நின்றது அவன் வயலில் மட்டும்.

அவன் மகள் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நெல்லின் மரபணுவைத் திருத்தும் வேலையில் இருக்கிறாள். குலைநோய் பூஞ்சையால் வருவது; அந்தப் பூஞ்சைக்கு உள்ளே இடம்கொடுக்கும் மரபணு ஒன்று நெல்லிலேயே இருக்கிறதாம். அதை வெட்டி முடக்கிவிட்டால் நோய் ஏறாதாம். நான் படித்துச் சொன்ன இதைத் தம்பி ஏதோ மருந்தென்று எடுத்துக்கொண்டான்.

வரப்பில் நின்றபடியே மகளை வீடியோவில் கூப்பிட்டு, போனை வயலின் பக்கம் திருப்பினான்.

"பாத்தியாம்மா? அந்த மருந்த பஸ்ஸுல குடுத்து விடு. கீரனூர்ல நான் வாங்கிக்கிறேன்."

"அப்பா, அது மருந்து இல்லப்பா. வெதைக்குள்ள செய்யிற வேலை. நிக்கிற பயிருக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி, வெதையா எப்ப வரும்?"

"இன்னும் கண்ணாடிக் கூடத்துலதான் இருக்கு. அனுமதி வாங்கி வெளிய வர வருசக்கணக்காகும்."

பக்கத்தில் நின்ற தம்பி மனைவி, "நெல்லுக்கே ஆபரேசன் பண்றாளாம் ஒங்க மக. நம்ம புண்ணுக்குக் கட்டுப் போடத்தான் ஆளில்ல" என்றாள்.

பிறகு மகள் தயங்கிக் கேட்டாள்: "அப்பா, நோய் புடிச்ச கதிரு கொஞ்சம் அனுப்புறீங்களா? நம்ம ஊரு பூஞ்சைய எங்க செடி தாங்குதான்னு பாக்கணும். நெழல்ல ஒலத்தி பேப்பர்ல மடிங்க. பிளாஸ்டிக் வேணாம், வேத்துரும்."

தம்பி சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அவனிடம் கேட்டதில்லை. "வெளஞ்சப்ப கேக்க ஆளில்ல. வீணாப் போனதுக்கு கிராக்கி வந்துருச்சுண்ணே."

ஆனாலும் இறங்கினான். விதைக்கதிர் பொறுக்குகிறவனைப்போல ஒவ்வொரு கழுத்தாகத் திருப்பிப் பார்த்து அறுத்தான். உலர்ந்ததும் பழைய செய்தித்தாளில் மடித்துக் கட்டி, கீரனூர் கூரியர் கடையில் நாங்கள் இருவரும் போய்க் கொடுத்தோம். "உள்ள என்ன?" என்று கடைக்காரர் கேட்டபோது, "நெல்லுதான்" என்றான்.

வயலில் மீதி நின்ற பயிரில் மாட்டை அவிழ்த்து விட்டார்கள்.

மாசியில் மகள் கூப்பிட்டபோது நானும் வயலில்தான் இருந்தேன். தைலங்கன்றுக்குக் குழி எடுத்து முடிந்திருந்தது. அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.

"அப்பா, நீங்க அனுப்புன பூஞ்சைய எங்க செடியில விட்டுப் பாத்தோம். தாங்கிருச்சுப்பா! அனுமதி மட்டும் வரட்டும், மொத வெதை நம்ம வயலுக்குத்தான். எங்க, வயலக் காட்டுங்க."

தம்பி போனைத் திருப்பவில்லை. தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு நின்றான்.

"சிக்னல் சரியில்லம்மா. அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி அணைத்தான்.